கடுக்காயின் துவர்ப்பும் யூரியா மூட்டையும்

காளஹஸ்தியில் கலம்காரி தீட்டும் வீடுகளில் முதல் வேலை, துணியைக் கடுக்காய்ச் சாறு கலந்த எருமைப்பாலில் ஊறவைப்பது. பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாது; கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடித்துவைக்கும். காய்ந்த துணி இளமஞ்சளாக இருக்கும். வெல்லத்தோடு துருப்பிடித்த இரும்பையும் போட்டு நாள்கணக்கில் ஊறவைத்த நீரை மூங்கில் எழுதுகோலால் தொட்டு அதன்மேல் இழுத்தால், கோடு கண்ணெதிரே கறுத்துக்கொண்டு வரும். இரும்பும் கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானினும் சேர்ந்து தரும் கறுப்பு அது.

கடுக்காய் மரம் டானினைத் தன் பாதுகாப்புக்காகச் செய்துவைத்திருக்கிறது. இலை தின்னும் பல பூச்சிகளுக்கு அது உணவைச் செரிக்கவிடாது; புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. கடுக்காய்த் துண்டை வாயில் போட்டதும் நாக்கு இழுத்துப் பிடிப்பதும் இதனால்தான். எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பற்றிக்கொள்கிறது.

பூச்சிக்குப் பெரிய பஞ்சம் நைட்ரஜன் பஞ்சம். அதன் உடலின் உலர் எடையில் நூற்றுக்கு 7 முதல் 14 பங்கு நைட்ரஜன். அது தின்னும் இலையிலோ 4 பங்கு இருந்தாலே அதிகம். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குக் கிடைப்பது இன்னும் சொற்பம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் டி.சி.ஆர். வைட், தைல மரங்களில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள் சில ஆண்டுகளில் மட்டும் ஏன் பெருகுகின்றன என்று தேடிப்போய், இலைச்சாற்றின் நைட்ரஜனில் விடை இருப்பதாக வாதிட்டார்.

நெல் போடுகிறவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. ஸ்வர்ணமுகிக் கரையானாலும் காவிரிக் கரையானாலும், யூரியாவை அள்ளிப்போட்டால் பயிர் கருகருவென்று நிற்கும்; பின்னாலேயே புகையான் பூச்சி வரும். வயலில் நடப்பது காட்டிலும் நடக்கும் என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும்போது பல மரங்கள் தாம் சேர்த்த சர்க்கரையை வளர்ச்சிக்கே செலவழித்துவிடுகின்றன. டானினுக்கு மிச்சம் குறைகிறது. இலை சத்தாகவும் ஆகிறது, காவலும் தளர்கிறது. எல்லா மரமும் ஒரே அளவில் இப்படி மாறுவதில்லை. ஆனால் திசை இதுதான்.

நைட்ரஜன் கூடினால் பூச்சியும் கூடும் என்பதை மரத்தில் காட்டியது அமெரிக்காவின் ஹெம்லாக் மரம். ஜப்பானிலிருந்து போன, பஞ்சுத் திட்டு போலத் தெரியும் ஒரு சாறுறிஞ்சி 1951இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் முதலில் கண்ணில்பட்டது. பிறகு கிழக்குக் காடுகளில் ஹெம்லாக்கைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தது. கனெக்டிகட்டில் மார்க் மெக்ளூர் 1991இல் வெளியிட்ட சோதனையில், நைட்ரஜன் உரமிட்ட மரங்களில் பூச்சி கூடியது. மரமோ தேறவில்லை, புதுத் தளிர் குறைந்தது. உரம் பூச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. மரங்கள் சாகச் சாக, மண்ணின் நைட்ரேட்டை உறிஞ்ச வேர் இல்லாமல் போய் அது நீரோடு கசிந்து வெளியேறியதையும் வேறு ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

நம் பக்கத்திலும் வந்தேறிப் பூச்சிகளுக்குக் குறைவில்லை. ஆஸ்திரேலியாவின் தைல மரக் கழலைக் குளவி 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் தென்பட்டது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடிய உடல். பெண் குளவி இளந்தளிரின் நடுநரம்பிலும் காம்பிலும் முட்டையிடும். இடம் புடைக்கும், பச்சை மாறி இளஞ்சிவப்பாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் சின்ன வட்டத் துளை விட்டுக் குளவி வெளியேறும். பெரும்பாலும் ஆண் துணையில்லாமலே பெருகும். தைலம் அயல் மரம்தானே என்று விட்டுவிட முடியாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கழலைக் குளவி நம் கல்யாண முருங்கையைப் பிடித்தது. ஹவாய்த் தீவுகளில் 2005இல் நுழைந்து அங்குள்ள முருக்க இனக் காட்டுமரங்களை ஆயிரக்கணக்கில் கொன்றதும் அதுவே. தான்சானியாவிலிருந்து அதன் இயற்கை எதிரியைக் கொண்டுவந்து 2008இல் விட்ட பிறகே எஞ்சிய மரங்கள் துளிர்த்தன.

காளஹஸ்திப் பக்கத்துச் சேஷாசலம் மலையின் செம்மரம் சத்தில்லாத பாறை மண்ணில் நின்று பழகிய மரம். இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் இயற்கையாக அதற்கு வேறு காடு கிடையாது. அந்த வறிய மண்ணுக்கு நைட்ரஜன் மூன்று வழியில் வரக்கூடும். ஒன்று வயல். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். வெயிலில் மேலாக வீசினால் ஒரு பகுதி அமோனியாவாகிக் காற்றில் போய்விடும். மற்றவை வாகனப் புகையும் நிலக்கரி அனல்மின் நிலையங்களும். அப்படி நிலையங்கள் உள்ள கிருஷ்ணப்பட்டினம் இங்கிருந்து அதிக தூரமில்லை. காற்றில் போனது மழையிலும் தூசியிலும் இறங்கத்தான் செய்யும்.

இந்த நைட்ரஜனால் முதலில் அடிபடுவது நம் சமையலறைக்குத் தெரிந்த கல்பாசியின் இனம். ஒரு கனமீட்டர் காற்றில் அமோனியாவின் ஆண்டுச் சராசரி ஒரு மைக்ரோகிராமைத் தாண்டினாலே இந்த உயிர்களில் எளிதில் பாதிக்கப்படுபவை தாக்குப்பிடிக்காது என்று ஐரோப்பாவில் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

பூச்சியை அடக்க வழி தெரியாமல் இல்லை. 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரியையும் மரவள்ளியையும் சேர்த்து நாசமாக்கியது. 2010இல் பெங்களூரு ஆய்வகம் போர்ட்டோ ரிகோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவிகள் சில மாதங்களில் அதை அடக்கின. மருந்தடித்துத் தீராதது அப்படித் தீர்ந்தது. ஆனால் ஒவ்வொரு பூச்சிக்கும் எதிரியைத் தேடிப்பிடிக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை பூச்சிக்குத் தீனி போடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. 2015இல் வேப்பெண்ணெய் பூசிய யூரியா கட்டாயமானது நல்ல தொடக்கம். மேலாக வீசாமல் மண்ணுக்குள் இறக்குவதும் பிரித்துப் போடுவதும் இன்னும் பரவ வேண்டும். நாற்றுப்பண்ணையில் தைலக் கன்று வாங்குகிறவர்கள் இலைக்காம்பைத் தடவிப் பார்த்து, புடைப்பு இருந்தால் ஒதுக்க வேண்டும்.

வயல் வேளாண்மைத் துறைக்கும் காடு வனத்துறைக்கும் என்று பிரித்துவைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அடிவார வயல் ஓரத்தில் தொடங்கிச் சேஷாசலத்தின் உள்ளே வரை குறித்துவைத்த மரங்களில் கல்பாசியையும் தளிர்ப் புடைப்புகளையும் ஆண்டுதோறும் எண்ணலாம். ஏர்ப்பேடு, காளஹஸ்திப் பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை. யூரியா விற்பனைக் கணக்கை அந்த எண்களின் பக்கத்தில் வைத்து இரண்டு துறையும் ஒரே மேசையில் பார்க்கட்டும்.