ஆளில்லாக் கழுதைக்கும் சட்டம் உண்டு

கற்பிட்டியிலிருந்து பாலாவி வந்து நேரே கொழும்புக்குப் போகிற லொறி, சிலாபத்தைத் தாண்டித்தான் போகும். கருவாடு போகிற பாதை அது. கழுதையை இறைச்சிக்குக் கடத்துகிறவனுக்கும் அதுதான் பாதை.

புத்தளம், கற்பிட்டி, மன்னார்க் கரைகளில் ஒரு காலத்தில் உப்பும் மூட்டையும் சுமந்தவை கழுதைகள். லொறி வந்தது, கழுதைக்கு வேலை போனது. அவிழ்த்து விட்டவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று அவை குப்பைமேட்டில் பொலித்தீனை மென்று, இரவில் வீதி நடுவே படுத்து, வாகனத்தில் அடிபட்டுச் சாகின்றன. கழுதை இறைச்சியோடு ஆட்கள் பிடிபட்ட செய்திகளும் பத்திரிகையில் வரத்தான் செய்கின்றன. அதை மாட்டிறைச்சி என்று விற்றால் ஏமாறுவது நாம்தான். எந்த மிருக வைத்தியரும் பரிசோதிக்காத இறைச்சி அது.

உலகச் சந்தையும் சும்மா இல்லை. சீனாவின் ‘எஜியாவோ’ என்ற மருந்துப் பொருளுக்குக் கழுதைத் தோல் வேண்டும். அந்த வியாபாரத்துக்கு அஞ்சித்தான் ஆபிரிக்க ஒன்றியம் 2024 பெப்ரவரியில், தோலுக்காகக் கழுதை அறுப்பதைத் தடுக்க முடிவெடுத்தது. இந்தியாவில் 2012க்கும் 2019க்கும் இடையில் கழுதைகளின் எண்ணிக்கை 61 சதவீதம் விழுந்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் வீட்டு விலங்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும். நான்கு காலையும் நைலோன் கயிற்றால் இறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக லொறியில் போட்டால் அதுவே குற்றம். அறுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தண்டனைதான் வேடிக்கை: 100 ரூபாய் வரை தண்டம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்று அந்த 100 ரூபாயைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகலாம். புதிய விலங்கு நலச் சட்டமூலத்துக்கு 2016 இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தும் அது இழுபட்டது. ஆகவே வதை முறைப்பாட்டோடு, அறுக்க அனுமதிப்பத்திரம் கேட்கும் இறைச்சிச் சட்டத்தையும் உணவுச் சட்டத்தையும் சேர்த்துப் பிடிப்பதே புத்தி. ஒரு பொருளை இன்னொன்றாக விற்பது 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி குற்றம்.

அந்த அனுமதிப்பத்திரச் சட்டத்தின் பலத்தைச் சிலாபத்தார் கண்ணால் கண்டவர்கள். முன்னேஸ்வரம் காளி கோயில் ஆட்டுப் பலி விவகாரத்தில், அனுமதியின்றி அறுக்க முடியாதென 2013 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலி சரியா தவறா என்பது வேறு வாதம். வழக்கைக் கொண்டுபோனவர்கள் ஆட்டின் சொந்தக்காரர்கள் அல்லர் என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். கழுதைக்கும் சொந்தக்காரர் வேண்டியதில்லை. பொலிஸ் அசையாவிட்டால், சட்டத்தரணி ஒருவர் மூலம் நீதவான் நீதிமன்றத்தில் யாரும் நேரடியாக முறையிடலாம்.

கழுதைகளைக் காப்பாற்ற வழக்கைத் தவிரவும் வழியுண்டு. மன்னாரில் பிரிட்ஜிங் லங்கா அமைப்பு கழுதைகளுக்கென்றே ஒரு மருத்துவ நிலையம் தொடங்கியது. புத்தளம் மாவட்டத்துக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று பிரதேச சபையிடம் கேட்கலாம்.

லொறியைக் கண்டால் நீங்களே மறிக்காதீர்கள். இலக்கத்தகடு, இடம், நேரம் குறித்துக்கொண்டு 119க்குச் சொல்லுங்கள். முடிந்தால் படமும் எடுங்கள். கடை இறைச்சியில் சந்தேகமென்றால், சமைக்காமல் அப்படியே குளிரூட்டியில் வைத்துவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழையுங்கள்.