ஐந்து டூலா, ஒரே பிளாட்ஃபார்மா? மதுரையின் சின்ன ஐடி கம்பெனிகளுக்கு எது சரிப்பட்டு வரும்?

மதுரை இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐடி பூங்காக்கள் இருக்கின்றன. மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. பெரிய நிறுவனங்களைத் தவிர, பத்து இருபது பேரை வைத்துக்கொண்டு கிளவுடில் ஓடும் சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனிகளும் உண்டு. அவர்களுக்கு எழுதுவதைவிட ஓட்டுவதுதான் பெரிய தலைவலி.

என்ன பிரச்சினை?

ஒரு உதாரணம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, மாலை 7 மணி. தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடையில் பில்லிங் சாஃப்ட்வேர் திணறுகிறது. "தம்பி, கூட்டம் நிக்குது, பில்லு வரல" என்று கடைக்காரர் போன் போடுகிறார்.

அந்தத் தம்பி என்ன செய்வார்? சர்வர் நிலவரம் கிராஃபானாவில். எரர் லாக் வேறொரு டூலில். நேற்று யார் எந்த கோடை மாற்றினார்கள் என்பது ஜென்கின்ஸில். அலர்ட் தனி ஆப்பில். கடைக்காரரின் புகார் இன்னொன்றில். ஐந்து திரை, ஐந்து பாஸ்வேர்டு. இதில் ஒரு டூல் இந்திய நேரம் காட்டும். இன்னொன்று சர்வதேசப் பொது நேரம் காட்டும். 7 மணிக்கு வந்த எரர் அங்கே மதியம் 1.30 என்று பதிவாகியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்பதற்குள் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார்.

ஒருங்கிணைந்த பிளாட்ஃபார்மில் என்ன வித்தியாசம்?

எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டுவது மட்டுமல்ல. கடையில் 'பில்' பட்டனைத் தட்டியதும் அந்தக் கோரிக்கைக்கு ஒரு எண் ஒட்டப்படும், கூரியர் பார்சலுக்கு ஒட்டுவது போல. அது எந்த சர்வருக்குப் போனது, டேட்டாபேஸில் எத்தனை நொடி நின்றது, அப்போது என்ன எரர் வந்தது என எல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்தே பதிவாகும். காரணத்தைத் தேடும் நேரம் இதில்தான் குறைகிறது.

தனித்தனி டூல்களையும் இப்படி இணைக்கலாம். ஆனால் இணைப்பதும், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அறுந்ததை ஒட்டுவதும் பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில் விழும். அவர் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை கிடைத்துப் போய்விட்டால், எது எதோடு இணைந்திருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. சின்ன டீமுக்கு ஒரே பிளாட்ஃபார்ம் ஏற்றது என்பதற்கு மாதக் கட்டணத்தைவிட இதுதான் வலுவான காரணம்.

தென் தமிழகத்துக்கு இது புதுசும் இல்லை. தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, அலுவலகத்துக்குத் தேவையான ஆப்களை ஒரே சந்தாவில் கட்டி 'ஸோஹோ ஒன்' என்று 2017-ல் விற்கத் தொடங்கியது. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவின் சைட்24x7, இணையதளம், சர்வர், நெட்வொர்க், கிளவுட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கண்காணிக்கிறது.

அப்போ எல்லாத்தையும் ஒருத்தர்கிட்ட கொடுத்துடலாமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். 2022 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனத்தில், ஒரு பழைய ஆப்பை நீக்க ஓட்டிய ஸ்கிரிப்டுக்கு ஆப்பின் எண்ணுக்குப் பதில் வாடிக்கையாளர் தளங்களின் எண் தரப்பட்டது. சுமார் 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன. ஜிரா, கன்ஃப்ளூயன்ஸ் மட்டுமில்லை, ஆபத்து வந்தால் எழுப்ப வேண்டிய ஆப்ஸ்ஜீனியும் பலருக்கு ஒரே நேரத்தில் போனது. சிலருக்குத் திரும்பக் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதைதான்.

2024 மே மாதம் இன்னொன்று. ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் பிரைவேட் கிளவுட் ஒன்று, கூகுள் கிளவுட் தரப்பில் நடந்த அமைப்புத் தவறால் அழிந்தது. 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் ஒரு வாரம் போலத் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்ததால் மீட்பு எளிதானது.

மாறுவதற்கு முன் என்ன பார்க்கணும்?

அன்றாடக் கண்காணிப்பு, லாக், டிப்ளாய்மென்ட், புகார் ஆகியவை ஒரே பிளாட்ஃபார்முக்குள் இருக்கட்டும். பேக்கப்பின் ஒரு பிரதியும், நள்ளிரவில் எழுப்பும் அலர்ட்டும் வெளியே இருக்க வேண்டும். பிளாட்ஃபார்மே படுத்துவிட்டால் அதைச் சொல்ல ஒருவர் வேண்டுமே!

டேட்டாவை ஓப்பன்டெலிமெட்ரி என்ற பொது முறையில் அனுப்பினால், நாளை வேறு பிளாட்ஃபார்முக்குப் போகும்போது முழு கோடையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. பல பிளாட்ஃபார்ம்கள் லாக் அளவைப் பொறுத்தே பில் போடுகின்றன. ஒரு சாதாரண மாதத்தை மட்டும் பார்க்காமல் பண்டிகை மாதத்தின் அளவை வைத்துக் கணக்கிடுவது நல்லது.

மாறும்போது ஒரு சேவையை மட்டும் முதலில் மாற்றி, சில வாரங்கள் பழைய டூலையும் சேர்த்தே ஓட்டலாம். இலவச டிரையல் முடிவதற்குள் உள்ளே போட்ட டேட்டா முழுவதையும் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து பார்த்துவிட வேண்டும். பணம் கட்டிய பிறகு அதைச் சோதிப்பதில் பலன் இல்லை.