கால் தாங்கும் இளநாய்: ஓய்வும் உணவும்

துள்ளித் திரியும் வயதிலுள்ள நாய் ஒன்று, ஒருநாள் காலையில் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. கால்நடை மருத்துவர் அதனைச் சோதித்து, சில வாரங்களுக்கு ஓடவோ குதிக்கவோ விடக்கூடாது என்று கூறுகிறார். வீட்டார் அந்த அறிவுரையை ஏற்று நாயை வீட்டிற்குள்ளேயே வைத்துக் காக்கின்றனர். ஆயினும் ஒரு மாதம் கழித்து எடை பார்க்கும்போது நாய் இரண்டு கிலோகிராம் கூடியிருக்கிறது. காலின் வலியோ குறையவில்லை. தில்லி, மும்பை, புனே போன்ற நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் இவ்வாறு நிகழ்வது அரிதன்று. ஓய்வு என்பது மருத்துவத்தின் ஒரு பாதியே. ஓய்வுக்கு ஏற்ப உணவை அளந்து கொடுப்பது அதன் மறுபாதி ஆகும்.

எலும்பு வளரும் பருவம்

லாப்ரடார் இனக் குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ அரைக் கிலோகிராம் எடையுடையது. ஓராண்டு நிறைவதற்குள் அது 25 கிலோகிராமைத் தாண்டிவிடக்கூடும். அதாவது, ஓராண்டுக்குள் அதன் எடை ஐம்பது மடங்கு பெருகுகிறது. இத்துணை விரைவான வளர்ச்சியை அதன் எலும்புகள் தாங்க வேண்டும்.

நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பாலான மெல்லிய பகுதி உண்டு. அதனை வளர்தட்டு என்பர். எலும்பு நீளமாக வளர்வது இப்பகுதியில்தான். சிற்றின நாய்களில் ஓராண்டிற்குள்ளும், பேரின நாய்களில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரையிலும் வளர்தட்டுகள் முழுமையாக எலும்பாக இறுகுகின்றன. அதுவரை அவை எளிதில் ஊறுபடக்கூடியவை. ஆகவே, வளரும் நாய்க்கு ஏற்படும் கால்வலியைச் சிறு சுளுக்கு என்று எண்ணி விட்டுவிடுதல் கூடாது.

வலிக்கான காரணங்கள்

கால் தாங்குதல் ஒரு நோயன்று. அது வலியின் அடையாளம். பாதத்தில் தைத்த முள்ளோ கண்ணாடித் துண்டோ அதற்குக் காரணமாகலாம். ஆகவே முதலில் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். அங்கு ஒன்றும் இல்லையெனில் காரணம் மூட்டிலோ எலும்பிலோ தசைநாரிலோ இருக்கலாம்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பேரினங்களில் இடுப்பு மூட்டுக் குறைபாடு மிகுதி. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் குழியில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருப்பதே அக்குறைபாடு. இது மரபு வழியாக வருவது. எனினும், வளரும் பருவத்தில் எடை மிகுந்தால் அதன் கடுமையும் மிகுகிறது. பக், பொமரேனியன் போன்ற சிற்றினங்களில் முழங்கால் சில்லு இடம் பெயர்வது உண்டு. அத்தகைய நாய் சில அடிகள் மூன்று கால்களால் தத்திச் சென்று, பின்னர் ஒன்றும் நிகழாததுபோல் நடக்கும். வேறு சில இளநாய்களுக்கு நீண்ட எலும்புகளின் உட்பகுதியில் வலி தோன்றி, ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாறிக்கொண்டே இருக்கும். வளர்ச்சி முடிவடைந்ததும் அவ்வலி பெரும்பாலும் நீங்கிவிடும். எக்ஸ்ரே படமும் மருத்துவரின் கைச்சோதனையுமே இவற்றைப் பிரித்தறிய உதவும்.

எந்தக் கால் வலிக்கிறது என்பதை வீட்டிலிருப்போரே ஓரளவு கண்டறியலாம். முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால், அக்கால் தரையில் ஊன்றும்போது நாயின் தலை மேலே உயரும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். நாய் நடப்பதை முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுவது பயன் தரும். ஏனெனில் மருத்துவமனைக்குச் சென்ற பரபரப்பில் பல நாய்கள் வலியை மறைத்து நன்றாக நடந்து காட்டிவிடும்.

காலைத் தரையில் ஊன்றவே இயலாமை, மூட்டு வீக்கம், காய்ச்சல், உணவை மறுத்தல், தொட்டவுடன் அலறுதல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளை நாய்க்குத் தாமாகக் கொடுத்தல் கூடாது. ஐபுபுரோபென் போன்ற மாத்திரைகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடும்.

ஓய்வில் எடை கூடுவது ஏன்?

ஓய்வாக இருக்கும் நாயின் உடல் இயங்குவதற்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட எளிய முறை ஒன்று உண்டு. நாயின் எடையை 30 ஆல் பெருக்கி, அதனுடன் 70ஐக் கூட்ட வேண்டும். 20 கிலோகிராம் எடையுள்ள நாய்க்கு 20 × 30 + 70 = 670 கிலோகலோரி என வரும். மூச்சுவிடுதல், இதயத் துடிப்பு, உடற்சூடு ஆகியவற்றுக்கான அடிப்படைத் தேவை இது. வளர்ந்து ஓடி விளையாடும் இளநாய்க்கு இதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். ஓட்டமும் விளையாட்டும் நின்றவுடன் தேவை குறைந்துவிடுகிறது. உணவுக் கிண்ணமோ பழைய அளவிலேயே நிறைகிறது.

இதனுடன் இரக்கமும் சேர்ந்துகொள்கிறது. "பாவம், நடக்க முடியவில்லையே" என்று பாட்டி அரைச் சப்பாத்தி கொடுப்பார். அலுவலகத்திலிருந்து திரும்பிய அப்பா அரைச் சப்பாத்தி கொடுப்பார். அம்மாவும் பிள்ளையும் ஆளுக்கு அரைச் சப்பாத்தி கொடுப்பர். ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 100 கிலோகலோரி உண்டு. நால்வர் கொடுத்ததும் சேர்ந்து 200 கிலோகலோரி ஆகிறது. ஓய்விலிருக்கும் அந்த நாயின் ஒரு நாள் தேவை 1000 கிலோகலோரி எனக் கொண்டால், ஐந்தில் ஒரு பங்கு உணவு கணக்கில் வராமலே அதன் வயிற்றுக்குள் சென்றுவிட்டது. மிகுதியாகக் கொடுத்தவர் என்று யாரையும் சுட்ட இயலாது. ஆயினும் நாய் பருக்கிறது.

எடை கூடினால் என்ன?

நிற்கும்போது நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களும் 40 விழுக்காட்டைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. ஓடும்போதும் உயரத்திலிருந்து தாவி இறங்கும்போதும் கால்களின்மேல் விழும் சுமை இன்னும் மிகுதியாகும். ஏற்கெனவே புண்பட்ட மூட்டின்மேல் இரண்டு கிலோகிராம் கூடுதலாக ஏறினால், ஒவ்வோர் அடியிலும் அம்மூட்டு அதைச் சுமக்க வேண்டும்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் இறுதிவரை கண்காணித்து ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டன. ஒவ்வோர் இணையிலும் ஒரு நாய்க்கு, மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு தரப்பட்டது. குறைவாக உண்டு மெலிந்த உடலுடன் வளர்ந்த நாய்கள், மற்றவற்றைவிட ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்வுக்கு மருத்துவம் தேவைப்பட்ட காலமும் அவற்றுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. இம்முடிவுகள் 2002ஆம் ஆண்டில் வெளியாயின. இளமையில் காக்கப்படும் எடை முதுமையின் நடையையும் காக்கிறது என்பதை இவ்வாய்வு காட்டியது.

கைவிரல் சோதனை

நாய் சரியான எடையில் உள்ளதா என்பதை அறிய எடைப்பொறி மட்டும் போதாது. விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தல் வேண்டும். இதற்கு ஒருவரின் கையே அளவுகோலாகும். கையை விரித்துப் புறங்கையை மறு கை விரல்களால் தடவினால், மெல்லிய தோலின் அடியில் எலும்புகள் தெளிவாகத் தட்டுப்படும். நாயின் விலாவும் அவ்வாறே தட்டுப்பட்டால் எடை சரியானது. முட்டியாக மடக்கிய கையின் கணுக்கள்போல் விலா துருத்தி நின்றால் நாய் மிக மெலிந்துள்ளது. உள்ளங்கைபோல் எலும்பே தெரியாமல் மெத்தென்றிருந்தால் எடை மிகுந்துள்ளது.

மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடை சுருங்கித் தோன்ற வேண்டும். பக்கவாட்டில் வயிறு மேல்நோக்கி ஏறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் இயல்பாகவே ஒல்லியானவை. அவற்றின் விலா சற்றே தெரிவது குறையாகாது. லாப்ரடாரைப் பார்த்துப் பழகிய கண்ணால் அவற்றை அளந்து, கொழுக்க வைக்க முயலக்கூடாது.

உணவை அளக்கும் முறை

வளரும் நாயைப் பட்டினி போடுதல் தவறு. அதன் தசைக்கும் எலும்புக்கும் புரதமும் பிற சத்துகளும் வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அதன்பின் வீட்டார் பின்பற்றத் தக்கவை வருமாறு:

1. உலர் தீவனத்தைக் கிண்ணத்தால் அளக்காமல், சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுக்க வேண்டும்.

2. ஒரு நாளைக்குரிய உணவைக் காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் வைக்க வேண்டும். யார் எதைக் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

3. தனியாகத் தின்பண்டம் கொடுத்தால் அது நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அந்த அளவை உணவிலிருந்து கழிக்கவும் வேண்டும்.

4. பசி மிகுந்தால் உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்த கேரட், பீன்ஸ், பூசணி ஆகியவற்றைச் சிறிது சேர்க்கலாம். வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சாகும்.

5. "எலும்பு வலுப்பெறும்" என்று எண்ணிக் கால்சியம் மருந்தைத் தாமாகக் கொடுக்கக்கூடாது. பேரினக் குட்டிகளில் மிகுதியான கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கு முற்றிலும் பொருந்தும்.

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், உணவுக்கு முன் எடை பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நின்று, பின்னர் தம் எடையைக் கழித்தால் நாயின் எடை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 83.6 – 62.4 = 21.2 கிலோகிராம். தூக்க இயலாத அளவுக்குப் பெரிய நாயையும், தூக்கினால் வலிக்கும் நாயையும் மருத்துவமனையின் எடைமேடையில் நிறுத்திப் பார்க்கலாம்.

ஓய்வு கொடுக்கும் முறை

ஓய்வு என்பது நாயை நாள் முழுவதும் சங்கிலியில் கட்டி வைப்பதாகாது. நாயை நெடுநேரம் குட்டையான சங்கிலியில் கட்டி வைப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாகக் கருதுகிறது. வீட்டின் ஒரு மூலையில் தடுப்பு அமைத்து, மெத்தென்ற படுக்கையும் தண்ணீரும் வைக்கலாம். வெளியே செல்லும்போது வாரைக் கையில் பிடித்தபடி, மருத்துவர் கூறிய நேரம் மட்டும் மெதுவாக நடத்த வேண்டும். பந்து எறிதல், படிக்கட்டு ஏறுதல், சோபாவிலிருந்து குதித்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பளிங்குத் தரையும் டைல்ஸ் தரையும் வழுக்குபவை. நாய் நடக்கும் வழியில் நகராத மிதியடிகளை விரிப்பதும், அதன் நகங்களை வெட்டி வைப்பதும் நல்லது.

இளநாயின் உடலை நிறுத்தலாம். மனத்தை நிறுத்த இயலாது. வேலையில்லாத மனம் செருப்பைக் கடிக்கும், ஓயாமல் குரைக்கும். அதற்கு மூக்கால் ஆடும் விளையாட்டுகள் உதவும். பழைய துண்டினுள் தீவனத்தைச் சுருட்டி வைத்துத் தேடச் செய்யலாம். மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றன் அடியில் உணவை மறைக்கலாம். இதற்கும் டப்பாவிலுள்ள அன்றைய உணவையே பயன்படுத்த வேண்டும்.

ஓய்வுக்காலத்தின் பெரிய இடர், நாய் நலமடைந்ததுபோல் தோன்றும் நாளில் வருகிறது. மருந்தால் வலி தணிந்தவுடன் அது ஓடத் துடிக்கும். வலி மறைவது வேறு. காயம் ஆறுவது வேறு. அன்று அவிழ்த்து விட்டால் பல வார உழைப்பு ஒரே ஓட்டத்தில் வீணாகலாம். நடையைச் சில நிமிடங்களாக வாரந்தோறும் கூட்டிச் செல்ல வேண்டும். மறுநாள் காலையில் நாய் மீண்டும் காலைத் தாங்கினால், முந்தைய அளவுக்குத் திரும்பி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பிள்ளைகளின் பங்கு

இப்பராமரிப்பில் பிள்ளைகள் செய்யத்தக்க முதன்மையான பணி குறிப்பேடு எழுதுவதாகும். நாள், உணவின் எடை, நடந்த நிமிடங்கள், காலைத் தாங்கிய நேரம், வாராந்திர எடை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி வந்தால், மருத்துவர் அதைக் கண்டு மருந்தையும் நடையையும் திருத்துவார். எடையைக் குறைப்பது எல்லாக் குறைபாட்டையும் தீர்க்காது. சில மூட்டுகளுக்கு அறுவை மருத்துவம் தேவைப்படும். அறுவைக்குப் பின்னும் மெலிந்த உடலே விரைந்து தேறும்.

நாய் தன் வலியைச் சொல்லாது, கொடுத்ததை மறுக்காது. உண்ணும் அளவை அறிந்து நிறுத்தும் பொறுப்பு அதற்கு உணவிடும் கையையே சாரும். கெஞ்சும் கண்களைக் கண்டும் டப்பாவை மூடி வைப்பவர், அந்த நாய் பத்து வயதிலும் எழுந்து நடப்பதற்கு உதவுகிறார்.

பயிற்சி

அ. விடையளிக்க.
1. கால் தாங்குதலை நோய் என்று கூறாமல் அடையாளம் என்று கூறுவது ஏன்?
2. 12 கிலோகிராம் எடையுள்ள நாய்க்கு ஓய்வில் தேவைப்படும் ஆற்றலைக் கணக்கிடுக.
3. வலி தணிந்த நாளே இடர் மிகுந்த நாள் என்பதை விளக்குக.

ஆ. தொடரில் அமைத்து எழுதுக.
தாங்கித் தாங்கி, தட்டுப்படுதல், அளவுக்கு மிஞ்சினால்

இ. எழுதுக.
வீட்டிலுள்ளோர் நாய்க்குத் தனித்தனியே தின்பண்டம் கொடுக்காதிருக்க, சமையலறையில் ஒட்டத்தக்க அறிவிப்பு ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக.