திதி தெரியாத பெரியப்பாவுக்கு ஒரு தேதி

ஆடி அமாவாசையும் மகாளய அமாவாசையும் வந்தால், இறந்த நாள் தெரியாத பெரியவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு இலை போட்டுப் படைத்துவிடுகிறோம். அந்த இலையில் பங்கு உள்ளவர்களில் "பட்டாளத்துக்குப் போனார், திரும்பலை" என்று ஒரு தாத்தாவோ சின்னத் தாத்தாவோ பல வீடுகளில் உண்டு. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் கேட்கவே வேண்டாம். வேலூருக்கு அருகே உள்ள கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பேர் வழங்குகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அப்படிப் போனவர்கள் எங்கே இறந்தார்கள், எந்த நாளில் இறந்தார்கள், உடலைப் புதைத்தார்களா எரித்தார்களா என்ற விவரத்தை இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் தேடலாம், சகோதரிகளே. காசு கிடையாது. காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையம் என்று ஓர் அமைப்பு. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1917-லேயே லண்டனில் ஏற்பட்டது. இரண்டு உலக யுத்தங்களிலும் உயிர் விட்ட சுமார் 17 லட்சம் பேரின் விவரத்தை அவர்கள் இன்டர்நெட்டில் வைத்திருக்கிறார்கள்.

'கல்லறை' என்றதும் அது வெள்ளைக்காரருக்கும் கிறிஸ்தவருக்கும் உரியது என்று ஒதுக்கிவிட வேண்டாம். இந்து, சீக்கியச் சிப்பாய்களை அவரவர் வழக்கப்படி தகனம் செய்த இடங்களில் தனி நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. நாகாலாந்தின் கோஹிமாவில் உள்ளதில் 917 பேர்கள், மணிப்பூரின் இம்பாலில் உள்ளதில் 868 பேர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியிலும், பர்மாவில் ரங்கூனுக்கு வெளியே டாக்கியானிலும் இதேபோல் உண்டு. சாம்பல் காற்றோடு போனாலும் பேர் கல்லில் நிற்கிறது.

இதனால் என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தையின் பெரியப்பா இரண்டாம் யுத்தத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1944-ல் தந்தி வந்ததாம். ஆனால் பெரியம்மா அதை நம்பவே இல்லை. "முகத்தைப் பார்க்காம எப்படிடீ தாலியைக் கழட்டறது?" என்று கேட்டாராம். ஊரிலே, நேதாஜி படைக்குப் போய்விட்டார், வந்துவிடுவார் என்றும் ஒரு பேச்சு. கடைசி வரை பொட்டும் பூவுமாகவே இருந்து, 1981-ல் கண்ணை மூடினார். தந்தியைக் கரையான் தின்றுவிட்டது. தேதி யாருக்கும் ஞாபகம் இல்லை. அத்தைக்கு வருஷா வருஷம் ஒரே மனக்குறை: "கொள்ளி வெச்சாங்களோ, இல்லே அப்படியே காட்டுலே போட்டுட்டுப் போயிட்டாங்களோ!"

டிரங்குப் பெட்டியில் அவருடைய மெடல் ஒன்று இருந்தது. இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். இந்திய ராணுவத்தாருக்குக் கொடுத்த யுத்த மெடல்களின் விளிம்பிலோ பின்பக்கத்திலோ பட்டாள நம்பர், பதவி, பேர், பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். கறுத்துப் போயிருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். மெடல் இல்லாத வீட்டில் பழைய பென்ஷன் காகிதம், மணியார்டர் துண்டு எதிலாவது நம்பர் இருக்கும்.

நம்பர் ஏன் என்றால், பேரை மட்டும் வைத்துத் தேடினால் தலை சுற்றும். கோவிந்தசாமி என்று ஒரே பேர், இனிஷியல்கூட இருக்காது. அதையும் எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'சாமி'யா 'ஸ்வாமி'யா, கடைசியில் 'ஐ' எழுத்தா 'ஒய்' எழுத்தா, முனுசாமியில் ஒரு 'என்'னா இரண்டா, எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் தமிழ்ப் பிள்ளைகள் மெட்ராஸ் ரெஜிமென்டில் மட்டும்தான் இருந்தார்கள் என்றும் நினைக்காதீர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ், சாமான் ஏற்றிச் செல்லும் ஆர்மி சர்வீஸ் கோர், ரோடு போடும் பயனியர் கோர், ஆஸ்பத்திரிப் பிரிவு என்று எங்கும் இருந்தார்கள்.

எங்களுக்குக் கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் தேடிக் கொடுத்தாள். மூன்று நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதே வேலை. கிடைத்தது. பேர், நம்பர், பிரிவு, இறந்த தேதி. 1944 ஜூன், நம் கணக்கில் வைகாசி. கீழே ஒரு வரி: இன்னாருடைய கணவர், வட ஆற்காடு, இன்ன கிராமம். பெரியம்மாவின் பேரைக் கொஞ்சம் கோணலாக எழுதியிருந்தாலும் அவர் பேர்தான்! இடம்: கோஹிமா தகன நினைவுச் சின்னம். அத்தை வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நெருப்பு கெடைச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்கள்.

இங்கிலீஷ் தேதியைக் கொடுத்து, தெரிந்த ஜோசியர் ஒருவரிடம் பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதியைக் குறித்து வாங்கிக்கொண்டோம். இப்போது பெரியப்பாவுக்கு அவருக்கென்று ஒரு நாள் இருக்கிறது.

எல்லோருக்கும் இப்படிக் கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்டக் கூடாது. இந்தப் பதிவில் 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரை, 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரை இறந்தவர்கள்தான் வருவார்கள். சீன யுத்தம், பாகிஸ்தான் யுத்தங்களில் இறந்தவர்களை இதில் தேடிப் பயனில்லை. உடல் கிடைக்காமல் போனவர்களுக்குப் பட்டாளம் உத்தேசமாக ஒரு தேதி போட்டிருப்பதும் உண்டு. முதல் யுத்தத்தில் நம்மவர்களுக்கு நடந்தது இன்னும் அநியாயம். ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பேர் போட்டார்கள், இந்தியச் சிப்பாய்களுக்கோ இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும்! இங்கிலாந்தில் பிரைட்டன் ஊருக்கு வெளியே 53 இந்து, சீக்கிய வீரர்களைத் தகனம் செய்த இடத்தில் 1921-லேயே அழகான சலவைக்கல் மண்டபம் கட்டிவிட்டார்கள். பேர்களைக் கல்லில் பொறித்தது 2010-ல். இந்தியரையும் ஆப்பிரிக்கரையும் சமமாக நடத்தவில்லை என்று அந்த ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பேரே போடாமல் விட்டிருக்கிறார்களாம்.

மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்வேக்குக் கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்க் கூலிகளின் கதை அதைவிடக் கொடுமை. கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சோல்ஜர்களுக்கு அங்கே வரிசை வரிசையாகப் பேர் போட்ட கல்லறைகள். சிவிலியன்கள் என்பதால் நம் ஜனங்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அவர்கள் வீட்டார் இன்றும் அமாவாசையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

கோஹிமா நம் தேசத்துக்குள்ளேயே இருப்பதால் நேரில் போய்ப் பார்க்க நினைப்பவர்கள் போகலாம். ரயிலில் திமாப்பூர் வரை, அங்கிருந்து மலைப்பாதையில் காரோ பஸ்ஸோ. நாகாலாந்துக்குள் நுழைய நமக்கும் 'இன்னர் லைன் பெர்மிட்' வேண்டும். அதற்கும் இன்டர்நெட்டிலேயே மனுப் போடலாம். கிளம்புமுன் பதிவில் பேருக்கு எதிரே எந்தப் பக்கம், எந்தப் பலகை என்று போட்டிருப்பதைத் தாளில் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். அத்தனை பேர்களுக்கு நடுவே நம்முடைய ஒரு பேரைக் கண்டுபிடிக்க அதுதான் உதவும். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. முட்டி வலி தைலத்தோடு, குளிர் விட்ட பிறகு மார்ச்சில் போவதாக இருக்கிறோம்.