உள்ளுறைக்கு நிலைக்களன் வேண்டும்: போர் எதிர்ப்பு ராக் பாடல்களுக்குப் பொருள் காணும் முறை

‘பாடலின் உட்பொருளை விளக்குக’ என்னும் வினாவை நம் மாணவர்கள் தேர்வுத் தாளில் அடிக்கடி காண்கின்றனர். அதற்கு விடை எழுதும்போது இரு வகைப் பிழைகள் நேர்கின்றன. மேலோட்டமான பொருளோடு நின்றுவிடுவது ஒன்று. பாடலில் இல்லாத பொருளை அதன்மீது ஏற்றிவிடுவது மற்றொன்று. வியட்னாம் போர்க் காலத்தையும் அதன் பின்விளைவுகளையும் ஒட்டி எழுந்த அமெரிக்க ராக் பாடல்கள் இவ்விரு பிழைகளையும் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றுள் நான்கினை இங்கு நோக்குவோம்.

குறைத்துப் பொருள் கொள்ளல்

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ என்னும் பாடலில், ‘அமெரிக்காவில் பிறந்தவன்’ எனப் பொருள்படும் தலைப்புத் தொடரே பல்லவியாக ஒலிக்கிறது. ஓங்கிய முரசொலியோடு அது மீண்டும் மீண்டும் வருவதால், கேட்டவர் பலரும் அதனை நாட்டுப் பெருமை பேசும் முழக்கமாகவே கொண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் தேர்தல் பரப்புரைக்காக நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹேமண்டன் நகருக்கு வந்த அதிபர் ரொனால்ட் ரேகன், ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகப் பாராட்டிப் பேசினார்.

சரணங்கள் கூறும் செய்தியோ வேறு. நலிந்த சிற்றூரில் பிறந்த ஒருவன், சிக்கலொன்றில் அகப்பட்டு, கையில் துப்பாக்கி தரப்பட்டுப் போருக்கு அனுப்பப்படுகிறான். திரும்பி வந்தவனுக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை கிடைக்கவில்லை. கே சான் போர்க்களத்தில் பொருத அவன் சகோதரன் உயிருடன் இல்லை. சைகோனில் அச்சகோதரன் நேசித்த பெண்ணோடு எடுத்த ஒரு படமே எஞ்சியிருக்கிறது. பத்தாண்டுகள் கழிந்தும் அவனுக்குப் போக்கிடம் இல்லை. இச்சரணங்களுக்குப் பின் பல்லவியைக் கேட்டால், ‘இங்குப் பிறந்த எனக்கா இந்நிலை?’ என்னும் ஆற்றாமை அதில் புலப்படும்.

இப்பாடலை ஸ்பிரிங்ஸ்டீன் முதலில் கிதார் ஒன்றை மட்டும் துணைக்கொண்டு பதிவு செய்திருந்தார்; அப்பதிவு 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏறத்தாழ அதே சொற்கள் அங்குப் புலம்பலாகவே ஒலிக்கின்றன. இசை பொருளைத் தாங்கும். சில வேளைகளில் மறைக்கவும் செய்யும்.

கூற்று யாருடையது?

சங்க அகப்பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘இது தலைவி கூற்றா, தோழி கூற்றா?’ என்றே முதலில் வினவுவார். அவ்வினா இங்கும் பயன்படும். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவிற்காக ஜான் ஃபோகர்ட்டி 1969ஆம் ஆண்டில் எழுதிய ‘ஃபார்ச்சுனேட் சன்’ பாடலில் பேசுபவன், தான் செல்வாக்குள்ளோரின் மகன் அல்லன் என்பதையே அடுக்கடுக்காகச் சொல்கிறான். ‘பேறு பெற்ற மகன்’ என்னும் தலைப்பு, அவன் யார் அல்லன் என்பதைக் குறிக்கிறது.

இக்கூற்றின் பின்னணியை அறிதல் வேண்டும். அக்காலத்தில் அமெரிக்க இளைஞர்களுக்குக் கட்டாயப் படைச்சேவை இருந்தது. கல்லூரி மாணவர்கள் அதனைத் தள்ளிப்போட வழியிருந்தமையால், சுமையின் பெரும்பகுதி எளிய குடும்பத்துப் பிள்ளைகள்மீது விழுந்தது. ஃபோகர்ட்டியும் இராணுவச் சேமப்படையில் பணியாற்றியவர். எனவே பாடலின் சினம் படைவீரர்மீது எழுவதன்று. தம் பிள்ளைகளைக் காத்துக்கொண்டு பிறர் பிள்ளைகளை அனுப்புவோர்மீது எழுவது. போர் எதிர்ப்பு வேறு, வீரர் வெறுப்பு வேறு என்பதை மாணவர் இங்கு உணரலாம். இத்துணை வெளிப்படையான பாடலும் 2020ஆம் ஆண்டில் அதிபர் தேர்தல் பரப்புரைக் கூட்டத்தில் ஒலிபரப்பப்பட்டது. ஃபோகர்ட்டி அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தார்.

மிகுத்துப் பொருள் கொள்ளல்

அதே ஃபோகர்ட்டி 1970ஆம் ஆண்டில் எழுதிய ‘ரன் த்ரூ தி ஜங்கிள்’ பாடலின் தலைப்பு, காட்டினூடே ஓடுவதைச் சொல்கிறது. போர் நடந்துகொண்டிருந்த காலம்; காடோ வியட்னாமை நினைவூட்டியது. ஆகவே, அது போர்க்களப் பாடல் என்று பலரும் முடிவு செய்தனர். அமெரிக்காவில் துப்பாக்கிகள் பெருகுவதைக் கண்ட அச்சத்தில் எழுதியதாக ஃபோகர்ட்டி பின்னர் விளக்கினார். வெயிலில் பெய்யும் மழையைப் பாடும் ‘ஹேவ் யூ எவர் சீன் தி ரெயின்’ பாடலில், மழையைக் குண்டு மழையாகக் கொண்டோர் உண்டு. புகழின் உச்சியில் தம் குழு பிளவுபட்டு நின்ற துயரத்தையே அதில் பாடியதாக அவர் கூறினார்.

அப்படியாயின், காட்டுப் பாடலைத் தம் பாடலாகவே கேட்ட வியட்னாம் வீரர்கள் ஏமாந்தவர்களா? அல்லர். அவர்கள் கொண்ட உணர்வு உண்மையானது. ஆயினும், பாடல் அவர்களுக்கு என்னவாயிற்று என்பதும், பாடல் எதைக் குறித்து எழுதப்பட்டது என்பதும் இரு வேறு செய்திகள். விடைத்தாளில் இரண்டையும் எழுதலாம். ஒன்றை மற்றொன்றாக எழுதுதல் ஆகாது.

வகுப்பறைக்கு மூன்று வினாக்கள்

தொல்காப்பியர், உள்ளுறைக்குத் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கூறுகிறார். மறைபொருளாயினும், அது பாட்டில் கண்முன் நிற்கும் பொருளின்மீதே ஊன்றி நிற்க வேண்டும் என்பது அதன் கருத்து. அக இலக்கியத்திற்கு உரிய அவ்விதியை ராக் பாடலுக்கு அப்படியே பொருத்த இயலாது. அதன் நெறியைக் கைக்கொள்ளலாம். மாணவர் மூன்று வினாக்களை எழுப்பட்டும்: பேசுபவர் யார்? சரணங்கள் பல்லவிக்குத் துணை நிற்கின்றனவா, முரண்படுகின்றனவா? நான் சொல்லும் பொருளுக்குப் பாட்டின் எந்தச் சொல் சான்று? காலப் பின்னணியும் ஆசிரியர் கூற்றும் இவற்றுக்குப் பின் வரும் துணைச் சான்றுகள்.

இது மதிப்பெண்ணுக்கான பயிற்சி மட்டுமன்று. போரிலிருந்து திரும்பி வேலையின்றி நின்ற ஒருவனின் முறையீட்டைப் பெருங்கூட்டம் மகிழ்ச்சி ஆரவாரத்தோடு பாடியது. அவன் சொன்னது அவர்கள் செவியில் ஏறவில்லை. சரணத்தையும் கேட்டுப் பழகிய மாணவர், துன்புற்றோர் பேசும்போது அவர் சொல்வதை முழுமையாகக் கேட்கவும் பழகியிருப்பார்.