எதிர்காலத் தொழிலும் இன்றைய பாடத் தெரிவும்

கல்வியே தமிழரின் முதுசொம் என்று விழா மேடைகளில் நாம் அடிக்கடி கூறிக்கொள்கின்றோம். வீடும் வளவும் விட்டு, உறவுகளைப் பிரிந்து இந்நாட்டிற்கு வந்த குடும்பங்கள் பல, பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டே இரவு பகலாக உழைத்து வருகின்றன. ஆயினும் அந்தப் படிப்பு எதை நோக்கிச் செல்லவேண்டும், அதற்கான தெரிவுகள் எப்போது செய்யப்படுகின்றன என்பனவற்றை வீட்டில் ஆறுதலாக இருந்து பேசுவோர் குறைவு. பன்னிரண்டாம் வகுப்பில் விண்ணப்பக் காலம் வரும்போதே பேச்சுத் தொடங்குகின்றது. அதற்குள் சில கதவுகள் அடைபட்டு விடுகின்றன. எந்தக் கதவு எப்போது அடைபடுகின்றது, அடைபட்டால் வேறு வழியுண்டா என்பனவற்றை மாணவரும் பெற்றோரும் சேர்ந்து அறிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்குடன் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஊரில் இருந்த கணக்கு

எம்மிற் பெரும்பாலான பெற்றோர் அறிந்தது இலங்கையின் முறை. 1945ஆம் ஆண்டு முதல் அங்கு கல்வி இலவசம். க.பொ.த. சாதாரண தரம் முடிந்ததும் கணிதம், உயிரியல், வர்த்தகம், கலை என ஒரு பிரிவை மாணவர் தெரிவு செய்வர். உயர்தரப் பரீட்சையின் புள்ளிகளே மற்றெல்லாவற்றையும் தீர்மானிக்கும். உயிரியற் பிரிவில் உயர்ந்த புள்ளி பெற்றவர் நேரே மருத்துவ பீடம் செல்வார். கணிதப் பிரிவில் பெற்றவர் பொறியியற் பீடம் செல்வார். இடங்களோ மிகச் சில. 1970களில் தரப்படுத்தல் வந்தபோது, அதே பீடத்திற்குத் தமிழ் மாணவர் கூடுதலான புள்ளி பெறவேண்டியதாயிற்று. ஓரிரு புள்ளிகளால் ஒரு வாழ்க்கையே திசைமாறியதை அந்தத் தலைமுறை கண்டது.

‘டொக்டர் அல்லது எஞ்சினியர்’ என்ற சொற்கள் எமது வீடுகளில் இன்றும் ஒலிப்பதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணமாகும். பெற்றோரின் இந்த ஆதங்கத்தைப் பிள்ளைகள் ஏளனமாகக் கொள்ளலாகாது. அதேவேளை, அங்கிருந்த அளவுகோலைக் கொண்டு இங்குள்ள வழியை அளந்தால் பிழையான விடையே கிடைக்கும் என்பதைப் பெற்றோரும் உணரவேண்டும்.

ஒன்ராறியோவின் படிகள்

ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறுவதற்கு 30 கிரெடிட்டுகள் வேண்டும். அவற்றுடன் எழுத்தறிவுத் தகைமையும் 40 மணித்தியாலச் சமூகப் பணியும் கட்டாயமாகும். 10ஆம் வகுப்பில் தொழில் வழிகாட்டற் பாடம் ஒன்று அரைக் கிரெடிட்டாக எல்லோருக்கும் உண்டு. மாணவர் பலர் இதனைச் சிறிய பாடமென அலட்சியம் செய்வர். உண்மையில், எதிர்காலத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதற்கென்றே பள்ளி ஒதுக்கித் தந்த நேரம் அது.

9ஆம் வகுப்பில் மாணவரைத் தரம் பிரிக்கும் முறை கணிதத்தில் 2021ஆம் ஆண்டிலும் ஏனைய பாடங்களில் 2022ஆம் ஆண்டிலும் கைவிடப்பட்டது. ஆகவே முதலாவது பெரிய தெரிவு 10ஆம் வகுப்பிற்கு வந்துள்ளது. அங்கு ‘அக்கடெமிக்’, ‘அப்லைட்’ என்ற இரு வகைகள் உண்டு. 11ஆம், 12ஆம் வகுப்புகளிற் பாடங்கள் பல்கலைக்கழக வகை, கல்லூரி வகை, இரண்டிற்கும் பொதுவான வகை, வேலைத்தள வகை எனப் பிரிகின்றன.

இங்குதான் கவனம் வேண்டும். பாடங்கள் ஒன்றையொன்று சங்கிலிபோற் பற்றி நிற்கின்றன. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெரும்பாலான பொறியியற் பீடங்கள் 12ஆம் வகுப்பில் ஆங்கிலம், பௌதிகவியல், இரசாயனவியல், உயர்நிலைச் சார்புகள், நுண்கணிதமும் காவிகளும் ஆகிய பாடங்களைக் கேட்கின்றன. உயர்நிலைச் சார்புகளைப் படிப்பதற்கு 11ஆம் வகுப்பின் பல்கலைக்கழக வகைக் கணிதம் வழமையான படி. அந்தக் கணிதத்திற்கு 10ஆம் வகுப்பின் ‘அக்கடெமிக்’ கணிதம் வேண்டும். பதினைந்து வயதில் “கணக்குக் கஷ்டம்” என்று இலகுவான வகைக்கு மாறும் பிள்ளை, தான் எதை விட்டுக்கொடுக்கின்றது என்பதை அறியாமலே மாறிவிடுகின்றது. மாறுவது குற்றமன்று; அறியாமல் மாறுவதே இழப்பு. தவறவிட்ட பாடத்தைக் கோடைப் பள்ளியிலோ இரவுப் பள்ளியிலோ படித்து மீளவும் வழியுண்டு. ஆனால் அதற்கு ஓராண்டு கூடுதலாகத் தேவைப்படலாம்.

பல்கலைக்கழக அனுமதிக்கு 12ஆம் வகுப்பின் சிறந்த ஆறு பாடங்களின் சராசரியே பொதுவாகக் கணிக்கப்படுகின்றது. முன்னர் 13ஆம் ஆண்டாக இருந்த ஓ.ஏ.சி. 2003ஆம் ஆண்டுடன் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் படித்த மாமா, சித்தி ஆகியோரின் அனுபவம் பெறுமதியுடையதாயினும், பாட விதிகளைப் பொறுத்தவரை பள்ளியின் வழிகாட்டல் ஆலோசகரிடமே கேட்டறிதல் வேண்டும்.

‘கல்லூரி’ என்னும் சொல்

எமது மக்களிடையே பெரும் மயக்கத்தைத் தரும் சொல் இது. யாழ்ப்பாணத்தில் இந்துக் கல்லூரி, மத்திய கல்லூரி என்பன பாடசாலைகள். தமிழ்நாட்டிற் கல்லூரி என்பது பட்டப்படிப்புக்குரிய இடம். ஒன்ராறியோவிலோ அது தொழிற்றிறனை முதன்மையாகக் கொண்ட உயர்கல்வி நிலையம். வில்லியம் டேவிஸ் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1965ஆம் ஆண்டு இம்முறை வகுக்கப்பட்டது. அதன்படி எழுந்த முதலாவது கல்லூரி, 1966இல் எமது ஸ்காபரோவில் திறக்கப்பட்ட சென்ரெனியல் கல்லூரியாகும். இன்று மாகாணத்தில் 24 அரச கல்லூரிகள் உள்ளன.

பல்கலைக்கழகம் கிடைக்காதவர் செல்லும் இடமே கல்லூரி என்று எண்ணுவது அறியாமை. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றபின், வேலைக்குரிய பயிற்சியை நாடிக் கல்லூரிக்குச் செல்வோரும் உளர். கல்லூரி டிப்ளோமா பெற்றபின் பல்கலைக்கழகத்திற் சேர்வோருக்கு, முன்னர் படித்த பாடங்களில் ஒரு பகுதி ஏற்றுக்கொள்ளப்படுவதும் உண்டு. சில கல்லூரிகள் தாமே பட்டமும் வழங்குகின்றன.

தொழிலிலிருந்து பின்னோக்கி வருதல்

விரும்பும் தொழிலை முதலிற் குறித்துக்கொண்டு, அதற்குச் செல்லும் பாதையைப் பின்னோக்கி வரைந்து பார்ப்பது நல்ல முறை.

வைத்தியராக விரும்பும் பிள்ளை இங்கு பள்ளியிலிருந்து நேரே மருத்துவ பீடம் செல்வது வழமையன்று. குறைந்தது மூன்று, பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழகத்திற் பயிலவேண்டும். அதன்பின் மருத்துவக் கல்வி பொதுவாக நான்கு ஆண்டுகள். குடும்ப வைத்தியத்திற்கு மேலும் இரண்டு ஆண்டுப் பயிற்சி. சத்திரசிகிச்சை போன்ற துறைகளுக்கு அதனினும் கூடும். பத்தாண்டுப் பயணம் இது. முதற் பட்டத்தின் பின் இடம் கிடைக்காதோரே மிகுதி. ஆகவே அம்முதற் பட்டம் தன்னளவிலும் பயன்தரத்தக்க துறையில் இருத்தல் நன்று. சட்டத்தரணியாவதற்கும் முதலில் பல்கலைக்கழகப் படிப்பு, பின்னர் மூன்றாண்டுச் சட்டக் கல்வி. பொறியியலுக்கோ பள்ளியிலிருந்தே நேரடி வழியுண்டு.

தாதித் துறையில், பதிவுபெற்ற தாதியாவதற்கு 2005 முதல் ஒன்ராறியோவில் நான்காண்டுப் பட்டம் வேண்டும். நடைமுறைத் தாதிக்கு ஏறக்குறைய இரண்டாண்டுக் கல்லூரி டிப்ளோமா போதும். ஆசிரியராவதற்கு முதற் பட்டத்தின் பின், 2015 முதல், இரண்டாண்டுக் கல்விப் பயிற்சி. எலக்ரீசியன், பிளம்பர் போன்ற தொழில்களுக்குச் சம்பளம் பெற்றுக்கொண்டே பயிலும் முறை உண்டு. 11ஆம், 12ஆம் வகுப்புகளிலேயே அதனைத் தொடங்கலாம். கையிலே தொழிலுள்ளவன் எந்நாட்டிலும் கலங்கமாட்டான் என்பதை எமது மூத்தோர் நன்கறிவர்.

தமிழறிவும் தொழிலுக்கு உதவும். நீதிமன்றம், மருத்துவமனை, சமூக சேவை நிலையங்கள் யாவற்றிலும் இருமொழி தேர்ந்தோர் தேவைப்படுகின்றனர். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கென மக்கள் திரட்டிய 30 இலட்சம் டொலர் நிதி 2021இல் இலக்கை எட்டியது. ஆய்வுத் துறையிலும் தமிழுக்கு இங்கு இடம் பிறந்துள்ளது.

செய்து பார்த்து அறிதல்

ஒரு தொழிலின் பெயரைக் கேட்டு விரும்புவது வேறு. அதன் ஒரு நாளைக் கண்டபின் விரும்புவது வேறு. பள்ளியிலுள்ள ‘கோ-ஓப்’ திட்டத்தின் மூலம் வேலைத்தளத்தில் நின்று கிரெடிட் பெறலாம். 40 மணித்தியாலச் சமூகப் பணியையும் கடைசி ஆண்டில் அவசரமாக நிரப்பாமல், முதியோர் இல்லம், நூலகம் என விருப்பமான துறையை ஒட்டிச் செய்யலாம். 1957இல் தொடங்கிய வாட்டர்லூப் பல்கலைக்கழகம் படிப்பையும் வேலையையும் மாறிமாறித் தரும் முறையினாலேயே பெயர் பெற்றது. ஸ்காபரோ வளாகத்திலும் இவ்வசதி உண்டு.

பணம் பற்றிச் சில சொற்கள்

பிள்ளையின் பெயரிற் கல்விச் சேமிப்புக் கணக்குத் தொடங்கினால், ஆண்டிற்கு 2,500 டொலர் வரை இடும் பணத்திற்கு மத்திய அரசு 20 வீதம், அதாவது 500 டொலர் வரை சேர்க்கின்றது. ஒரு பிள்ளைக்கு மொத்தம் 7,200 டொலர் வரை இது கிடைக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களில் 2004இலும் அதன் பின்னரும் பிறந்த பிள்ளைகளுக்கு, பெற்றோர் ஒரு சதமும் இடாமலே 2,000 டொலர் வரை கிடைக்கும் வேறொரு திட்டமும் உண்டு. அறியாமையால் இதனை இழக்கலாகாது. மாகாணத்தின் மாணவர் உதவித் திட்டத்திற்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதில் எது உதவிப்பணம், எது திருப்பிச் செலுத்தவேண்டிய கடன் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளல் அவசியம்.

வகுப்பு வாரியாகச் செய்யவேண்டியவை

1. 9ஆம் வகுப்பு: விருப்பங்களைக் குறித்தல்; சமூகப் பணியைத் தொடங்குதல்.
2. 10ஆம் வகுப்பு: மூன்று தொழில்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிற்கும் வேண்டிய பாடங்களை எழுதிப் பார்த்தல்.
3. 11ஆம் வகுப்பு: பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் நேரிற் சென்று பார்த்தல், ‘கோ-ஓப்’ பற்றி விசாரித்தல்.
4. 12ஆம் வகுப்பு: பல்கலைக்கழக விண்ணப்பம் வழமையாக ஜனவரி நடுப்பகுதிக்குள், கல்லூரி விண்ணப்பம் பெப்ரவரி 1ஆம் திகதிக்குள்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோர்களே, பிள்ளை ஒரு துறையைச் சொன்னால் உடனே மறுக்காது, “அதற்கு என்ன படிக்கவேண்டும்? எங்கே வேலை கிடைக்கும்?” என்று கேளுங்கள். மாமாவின் மகன் என்ன படிக்கின்றான் என்பது உங்கள் பிள்ளையின் கேள்விக்கு விடையாகாது. பிள்ளைகளே, “எனக்கு விருப்பமில்லை” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எது விருப்பம், அதற்குரிய பாதை யாது என்பதை எழுதிக் காட்டுங்கள். தாளில் எழுதப்பட்ட திட்டத்தைக் கண்டால் பெற்றோரின் பயம் பாதியாகக் குறையும். விருப்பமில்லாத துறையிற் கழியும் இரண்டாண்டுகள், தந்தையின் எத்தனையோ இரவு வேலைகளின் பெறுமதி என்பதையும் இருசாராரும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

திட்டம் மாறலாம், மாறுவது இயல்பு. திட்டமே இல்லாதிருப்பதுதான் ஆபத்து. இவ்விழா முடிந்து வீடு திரும்பியபின், ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கிக் குடும்பமாக இருந்து பேசுமாறு வேண்டுகின்றோம். எமது மாணவச் செல்வங்கள் தாம் தெரிந்து தேர்ந்த துறைகளில் உயர்ந்து விளங்க வாழ்த்துகின்றோம்.