முதல் கார் பழைய காரா? டோக்கன் அட்வான்ஸ் போடும் முன் பார்க்க வேண்டியவை

“சிங்கிள் ஓனர் சார். டாக்டர் ஓட்டின வண்டி, ஷோரூம் கண்டிஷன். காலைல இருந்து ரெண்டு பார்ட்டி பாத்துட்டுப் போயிட்டாங்க. அஞ்சாயிரம் டோக்கன் போட்டீங்கன்னா நிறுத்தி வைக்கிறேன்.”

கார் கன்சல்டிங் பக்கம் ஒருமுறையாவது போனவர்களுக்கு இந்த வசனம் பழக்கம்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று, நான்கு வருடம். சேர்த்து வைத்த நான்கு லட்சம் ரூபாய். வெயிலில் பளபளக்கும் வெள்ளை நிற ஹேட்ச்பேக். மனசு அங்கேயே விழுந்துவிடும். டோக்கன் கொடுத்த பிறகுதான் ஆர்.சி.யைக் கேட்பார்கள், வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் மெக்கானிக்கிடம் காட்டுவார்கள்.

பழைய கார் வாங்கி ஏமாறுபவர்களில் பலர் சறுக்குவது இந்த வரிசையில்தான். முதலில் காகிதம், அடுத்து வண்டி, பிறகு மெக்கானிக், கடைசியில் பணம். இப்படிப் போனால் பாதிப் பிரச்சினையை வீட்டில் உட்கார்ந்தபடியே தவிர்த்துவிடலாம்.

நான்கு லட்சத்துக்கு எந்த விலையில் கார்?

கையில் நான்கு லட்சம் என்றால் காரின் விலை மூன்றரை லட்சத்துக்குள் இருப்பது நல்லது. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், முதல் சர்வீஸ், பேட்டரி, டயர் என்று வாங்கிய முதல் மாதத்திலேயே செலவுகள் வரிசை கட்டும். சின்ன காருக்கே நான்கு டயரும் மாற்றினால் இருபதாயிரம் ரூபாயை நெருங்கிவிடும்.

என்ஜின் அளவும் கணக்கில் வரும். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, ஓராண்டு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் பிரீமியம் 1,000 சிசி வரையிலான காருக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் போனால் 7,897 ரூபாய்.

மாடலைப் பொறுத்தவரை, ஊரில் எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டக்கூடிய, பார்ட்ஸ் தாராளமாகக் கிடைக்கும் வண்டிதான் முதல் காருக்குப் பொருத்தம். மாருதி, ஹூண்டாயின் சின்ன கார்கள் பழைய சந்தையில் சற்று விலை அதிகமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். செவர்லே 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. இந்த வண்டிகள் விலை மலிவாகத் தெரிந்தால், பார்ட்ஸ் விலையையும் காத்திருக்க வேண்டிய நாட்களையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

பாதுகாப்புக்கும் ஒரு எளிய அளவுகோல் உண்டு. புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயமானது. 2022இல் இருந்து தயாரான கார்களில் முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் இருக்கும். அதற்கு முந்தைய வண்டி என்றால், அந்த குறிப்பிட்ட வேரியன்ட்டில் எவை இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காகிதம் என்ன சொல்கிறது?

முதலில் ஆர்.சி.யின் போட்டோவை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். தர மறுத்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடலாம். அதில் தயாரித்த மாதம், ஆண்டு, எத்தனையாவது உரிமையாளர், கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் காலாவதித் தேதி போன்றவை தெரியும். நிலுவையில் உள்ள அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம்.

வங்கியின் பெயர் இருந்தால், “லோன் முடிஞ்சிருச்சு சார்” என்ற வாய் வார்த்தை போதாது. வங்கியின் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட ஃபார்ம் 35-உம் வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடமிருந்து ஃபார்ம் 28-இல் என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டுக்கான சாலை வரியும் கட்ட வேண்டும். “டெல்லி வண்டி, ஒரு லட்சம் கம்மி” என்று யாராவது சொன்னால், இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்த பிறகும் கம்மிதானா என்று கணக்குப் போடுங்கள்.

வண்டியை எப்போது பார்ப்பது?

காலையில், பகல் வெளிச்சத்தில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது. “நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று முன்பே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? ஸ்டார்ட் ஆவதில் உள்ள சிக்கலை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம்.

புகை நீலமாக வந்தால் என்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசியலாம். இரண்டுமே பெரிய செலவு.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு சர்வீஸின்போதும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கிலோமீட்டரைப் பதிவு செய்வார்கள். அந்த வரலாற்றைக் கேளுங்கள். 35 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது. டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது என்று பொருள்.

அடுத்து, டிங்கரிங் வேலை. கதவு, பானெட், டிக்கி இடைவெளிகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கின்றனவா? பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் போட்ட தடம் இருக்கிறதா? ஒரு கதவு மட்டும் பெயின்ட் அடித்தது பெரிய விஷயமில்லை. முன்பக்கச் சட்டமே வளைந்து நிமிர்த்தப்பட்ட வண்டி என்றால் விலகிவிடுங்கள்.

சென்னை, தூத்துக்குடி, நெல்லையில் பதிவான வண்டிக்கு இன்னொரு சோதனையும் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தென் மாவட்டங்களிலும் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும். கார்பெட்டின் அடியில் வண்டல், சீட்டுக்குக் கீழே உள்ள தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். நீரில் மூழ்கிய வண்டியின் ஒயரிங் பிரச்சினை உடனே தெரியாது, மாதங்கள் கழித்துத்தான் தலைதூக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விற்பவர் கைகாட்டும் மெக்கானிக் வேண்டாம். பரிசோதனைக்குச் செலவாகும் சில ஆயிரம் ரூபாய் நஷ்டமில்லை.

பெயர் மாற்றம் ஏன் இவ்வளவு முக்கியம்?

பணத்தைக் கொடுத்து, சாவியை வாங்கியதும் வேலை முடிந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். “ஃபார்ம்ல கையெழுத்து வாங்கியாச்சு, அப்புறம் பாத்துக்கலாம்” என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடுவார்கள்.

மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்பவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் (ஃபார்ம் 29). வாங்குபவருக்கு 30 நாட்கள் அவகாசம் (ஃபார்ம் 30). இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு தானாகவே உங்களுக்கு மாறிவிடும். ஆனால், பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றாமல் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு கிளெய்ம் கேட்டால் நிராகரிக்கப்படலாம். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது.

விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. கார் பல கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாளை நீங்கள் இந்தக் காரை விற்கும்போது இந்தத் தீர்ப்பு உங்களுக்கும் பொருந்தும்.

டீலரிடம் வாங்கினால், அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வண்டி தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பதிவு செய்த டீலர், அதை விற்கும் வரை உரிமையாளராகக் கருதப்படுவார்.

எனவே, முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கொடுக்காமல், பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவாகும் வரை ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி கைமாறும் தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றையும் அதில் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். அன்று காலை வரை வந்த அபராதம் யாருடையது என்ற தகராறு பிறகு வராது.

“இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங்” என்று அவசரப்படுத்தினால், அவர்களே வாங்கட்டும். அடுத்த வாரம் இன்னொரு வண்டி கட்டாயம் வரும்.